வாஹ் என்றால் வா

நேற்று உன் கணவர் என் கரோல் பாக் வீட்டுக்கு வந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். "உங்ககிட்ட சேர்க்கணும்னு பேர் எழுதி வச்சிருந்தா" என்றார். மேலாகக் கிடந்தது கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீ எண்ணிக்கொண்டிருப்பாயே, அந்த இரும்புக் குமிழ். ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். டிக். அந்தச் சத்தத்துக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பழைய எரிச்சல்தான். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகியும் உன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும், உன்னிடமே சொல்கிறேன்.

நாம் ஒரே வருஷம் சைக்காலஜி முடித்தவர்கள். நான் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வந்தவள், நீ கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். உனக்குத் தமிழ் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. நேரமாகிவிட்டது, சீக்கிரம் வா என்பதற்கு "ஜல்தி வாடீ, தேர் ஆயிடுச்சு" என்பாய். எழுதச் சொன்னால் எந்த ர என்று முழிப்பாய். நான் சிரிப்பேன். உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன்.

மற்றதெல்லாம் உனக்குத்தான் முதலில் வந்தது. ஆட்டிசம் என்ற சொல்லை டாக்டர்களே தயங்கித் தயங்கிச் சொன்ன தொண்ணூறுகளில், இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, என்னையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி தொடங்கினாய். ஒரு வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கற்றுக்கொடுப்பது, குழந்தை ஒரு துண்டைச் செய்த அந்த நொடியிலேயே பாராட்டுவது, செய்தால் கூட்டல் குறி, செய்யாவிட்டால் கழித்தல் குறி. இவ்வளவுதான் வேலை, ஆனால் அதற்கு உன் கண் வேண்டும். ஒரு பையன் கையைக் கடித்துக்கொண்டால் நாங்கள் எல்லாரும் கையைப் பிடிக்க ஓடுவோம். நீ அசையாமல் நின்று, "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" என்று கேட்பாய். யாரோ மிக்ஸியைப் போட்டிருப்பார்கள். எப்போதும் உன் கேள்விதான் சரியாக இருக்கும். அது எனக்கு எத்தனை வெறுப்பாக இருக்கும் தெரியுமா?

மீனாவை மறந்திருக்க மாட்டாய். மோதி பாக்கிலிருந்து வந்த தமிழ்க் குழந்தை. ஆறு வயது, பேச்சு இல்லை. மூன்று வாரத்துக்குள் நம் எல்லாரிடமும் நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்காராத குழந்தையை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தாய். மீனா உட்காரவே இல்லை. "பைட்டோ" என்றால் உட்காருவாள், உடனே எழுந்து நம்மிடம் வந்துவிடுவாள். கழித்தல், கழித்தல், கழித்தல். அவள் அம்மா வாசலில் நின்று, "இங்கயும் வேண்டாம்னுட்டா எங்க மேடம் போவோம்?" என்று கேட்டார்.

முதல் வாரம் முடிந்த திங்கட்கிழமை, நடையில் அந்த அம்மா "வா" என்று கூப்பிட்டதைக் கேட்டேன். மீனா ஓடினாள். அதே ஓட்டம், நாற்காலியிலிருந்து எழுந்து நம்மிடம் வரும் அதே ஓட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் உட்கார்ந்த நொடியில் நாம் எல்லாரும் கைதட்டி "வாஹ்" என்றோம். இந்தியில் அது பாராட்டு. வீட்டில் தமிழ் மட்டும் கேட்ட குழந்தைக்கு அது 'வா'. பாவம், சொன்னதைத் தட்டாமல் செய்துகொண்டிருந்தாள். நாம் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தோம்.

உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் மட்டும் "ஷாபாஷ்" என்று மாற்றிக்கொண்டேன். என்னிடம் மீனா உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், ஐந்து. என் தாளில் வரிசையாகக் கூட்டல். உன் தாளில் எதுவும் மாறவில்லை. பக்கத்து அறையில் நீ "வாஹ்" சொல்லி அவளை எழுப்பிவிட்டு, மறுபடி தோளைப் பிடித்து உட்கார வைப்பது கேட்கும். அவள் அழுவது கேட்கும். ஒரு சுவர்தான் நடுவில். உனக்கு வராதது எனக்கு வருகிறது என்று அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். ஒன்பது நாள் அந்தக் குழந்தையை அழவிட்டேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது தாள்களை எல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போனாய். மறுநாள் என் அறை மூலையில் வந்து உட்கார்ந்து பார்த்தாய். வெளியே வந்ததும் கேட்டாய்.

"நீ ஏன் ஷாபாஷ்னு சொல்ற?"

"சும்மாதான். வாய்ல வந்துச்சு."

"அச்சா" என்றாய். அவ்வளவுதான்.

சாயங்காலம் டீ வேளையில் எல்லாருக்கும் இந்தியில் விளக்கினாய். கடைசியில் என்னைக் காட்டி, கண்டுபிடித்தது இவள்தான் என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தர் பழக்க தோஷத்தில் "வாஹ்" என்றார், மீனா எழுந்து ஓடிவந்தாள். எல்லாரும் சிரித்தோம். நீயும்தான். மீனா தங்கினாள்.

வீட்டு மொழியும் பாராட்டும் பற்றி நீ எழுதிய கட்டுரை அதிலிருந்துதான் பிறந்தது. உன்னை ஊர் ஊராகக் கூப்பிட வைத்தது அதுதான். என் பேர் இரண்டாவதாக இருந்தது. தற்செயலாக வாயில் வந்த ஒரு சொல்லுக்குப் பரிசு என்று நீ நினைத்ததாக எண்ணிக்கொண்டேன். இரண்டாவதாகப் போட்டாயே என்று வருஷக்கணக்கில் குமைந்தேன். போன மாதம் உன் வீட்டு வாசலில் மீனாவின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் மீனா, இருபதை நெருங்கும் பெண், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது.

பெட்டியின் அடியில் மீனாவின் தாள்கள் இருந்தன. உன் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்பு வட்டம், ஓரத்தில் கோணல்மாணலான தமிழில் ஒரு வரி: 'இவளுக்கு அன்னிக்கே தெறியும்.' அந்த இரண்டு அறைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நம்மைத் தவிர யாரும் இல்லை. மற்றவர்கள் கண்ணில் பட்டாலும் புரியாமல் இருக்கத்தான் தமிழில் எழுதியிருக்கிறாய். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒன்றிலும் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். திட்டியிருந்தால் சமமாகியிருப்போம்.

அந்த 'ற'வைத் திருத்தக் கை போனது. விட்டுவிட்டேன். ஏனென்றால் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது: 'அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?' அதன் கீழே பதிலுக்கு இடம் விட்டிருக்கிறாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை உனக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து முதல் அழைப்புக் கடிதம் வந்தது. பிரித்ததும் என்னிடம்தான் ஓடிவந்து காட்டினாய். அதில் உன் பேர் மட்டும் இருந்தது. நான் உன்னைக் கட்டிக்கொண்டு "வாஹ்" என்றேன்.

அதுதான் ஆச்சு.