சிவப்பு மையிட்ட நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

பென்னாகரம்,
ஜூன் 20, 2025

அன்புள்ள உஸ்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். டப்ளினில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதை ஃபோனில் எழுதினால் அனுப்புவதற்குள் பாதியை அழித்துவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

தர்மபுரி அலுவலகத்தில் இப்போது, சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட்களுக்காக ஒரு கருவி செய்திருக்கிறோம். தரவுத்தளத்தில் சேமித்து வைத்திருக்கும் புரொசீஜர்களில் வேண்டாததை நீக்குகிற கருவி. பெயரைக் கொடுத்தால் போதும், அந்தக் கட்டளைத் தொகுப்பு முழுவதும் போய்விடும். திரும்ப வராது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆவணம் எழுதுவது என் வேலை. படிக்கப்போவது ஏஜென்ட்தான், சுருக்கமாக எழுது என்றார் அருள்குமார் சார்.

ஆவணத்தில் ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. முந்நூறு புரொசீஜர்களில் நான் எடுத்துப் போட்டது உன்னுடைய 'லாரி வரிசை'. மாங்கூழ் ஆலை வாசலில் எந்த லாரி முதலில் உள்ளே போகவேண்டும் என்று சொல்லுமே, அது. நீ போய் ஆறு வருடமாகியும், எதைச் செய்தாலும் "உஸ்மா இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாங்க" என்கிறார் சார். 'நீக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உன் புரொசீஜரின் பெயரைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

நீக்கும் முன் மனிதரிடம் கேள் என்ற எச்சரிக்கையைக் கடைசியில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள், செவ்வாய்க்கிழமை, ஏஜென்ட்டை ஓர் ஆலையின் தரவுத்தளத்தோடு இணைத்து, கருவி வேலை செய்கிறதா பார் என்றார்கள். அது என் ஆவணத்தைப் படித்தது. எடுத்துக்காட்டை அப்படியே செய்து காட்டியது; 'லாரி வரிசை' போய்விட்டது.

பத்தரை மணிக்கு ஆலை வாசலில் நாற்பது லாரிகள். கடத்தூரிலிருந்து காய் ஏற்றி வந்த மாதப்பன் என்பவர் ஃபோன் செய்தார். "ஏனுங்க மேடம், காயெல்லாம் கனிஞ்சு சாறு ஒழுவுது. உங்க கம்ப்யூட்டரு நம்பரே குடுக்கல. எங்கூட்டு ஆடுங்ககூட இதவிட ஒழுங்கா வரிசையில போவுங்க" என்றார். காப்பு நகலைத் திறந்தால் அதில் தகவல்கள் மட்டுமே இருந்தன. புரொசீஜர்களை யாரும் சேர்த்திருக்கவில்லை.

'லாரி வரிசை'யின் பிரதி உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது. என் மேசை டிராயரில். நீ கிளம்பிய வாரமே அச்செடுத்து வைத்தேன். நினைவுக்காக அல்ல, பிழை கண்டுபிடிக்க. ஒன்பது இடங்களில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஒன்றுகூடப் பிழையாக இருக்கவில்லை.

அதைப் பார்த்து ஐம்பது நிமிடத்தில் தட்டச்சு செய்து முடித்தேன். இரண்டாவது வரியிலிருந்து. முதல் வரியில் 'எழுதியவர்: உஸ்மா' என்று இருந்தது. லாரிகள் நகர்ந்தன. சார் கை தட்டினார். "சாயிராவே எழுதிட்டாங்கப்பா! இனிமே இந்த வேலையெல்லாம் அவங்களுக்குத்தான்" என்றார். ஆறு வருடமாக நான் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. மூன்று நாள் அந்தப் புகழிலேயே இருந்தேன்.

இன்று காலை முதல் வரியைச் சேர்த்தேன். எச்சரிக்கையை ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதினேன், எடுத்துக்காட்டில் வெறும் மாதிரிப் பெயரைப் போட்டேன். பிறகு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று பையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, "அதானே பார்த்தேன். உஸ்மா எழுதுனதுன்னா சும்மாவா" என்றார். கோபப்பட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த அச்சுப்பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அது என் டிராயரில் வேண்டாம். அந்த நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் எனக்குத் தப்பிய பிழை ஏதாவது இருந்தால், அந்த வரியின் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. இல்லையென்றாலும் ஏதாவது ஓர் எண்ணைச் சொல். நம்பிவிடுகிறேன்.

அல்லாஹ் உன் கைக்கு இன்னும் பரக்கத்தும் வளமும் தரட்டும். இதை முழு மனதோடு எழுத எனக்கு வெகுநேரம் ஆனது. நீ தொழுது கேட்கும் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன்,
சாயிரா