முந்தானையில் முடிந்த பியூஸ் கட்டை

மதிப்பிற்குரிய தங்களுக்கு வணக்கம்.

தாங்கள் மறைந்து இரண்டு கோடைகள் கழிந்த பின்னரே இம்மடலை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

"ஊட்டுக்காரனுக்கு இன்னாமே மதிப்பிற்குரிய? நான் இன்னா கலெக்டரா?" என்று தாங்கள் சிரிப்பது கேட்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள், மளிகைப் பொட்டலத் தாளையும் விடாமல் படித்துத் தானே தேடிக்கொண்ட நடை இது. தங்களுக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மாங்காட்டுக் கோயில் வாசலில், நடை திறக்கக் காத்திருக்கிறேன். முந்தானை முடிச்சில் நம் ஏசியின் பியூஸ் கட்டை கனக்கிறது. எந்த மின்வேலையானாலும் தாங்கள் முதலில் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். "சுவிட்ச எவன் வேணா போட்டுடுவான். கட்ட என் பையில கீது, இப்ப போடச் சொல்லு பாப்போம்."

நேற்று ஏசியை நானே கழுவினேன். கட்டையைப் பிடுங்கினேன், பிளக்கையும் கழற்றினேன். வலையைச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். தகடுகளின் தூசியை மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தேன். தங்களைப் போலவே சுவிட்சுப் பெட்டிக்குப் பால் கவர்களைச் சுற்றிவிட்டுத் தகடுகளில் தண்ணீர் ஊற்றினேன். மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் அந்தக் கெப்பாசிட்டர் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காமல் கட்டையைச் செருகிப் போட்டேன். மின்கசிவு கண்டால் தானே அணையும் டிரிப்பர் விழுந்தது. வீடு முழுவதும் மின்சாரம் போயிற்று.

"அம்மா! மீட்டிங்ல இருக்கேன்மா! என்ன பண்ணித் தொலைச்ச?" என்று அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்.

கட்டையை எடுத்துவிட்டு டிரிப்பரைத் தூக்கினேன், விழாமல் நின்றது. கோளாறு ஏசியில் மட்டும்தான் என்று யாரையும் கேளாமல் அறிந்தேன். ஆனால் மகள் கெடு வைத்துவிட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாரு. மறுபடி விழுந்துச்சுன்னா அதை எடைக்குப் போட்டுட்டு ஸ்பிளிட் வாங்கிடலாம். ஓகேவா?"

அவள் மேல் குற்றமில்லை. குளிர் எந்த இயந்திரத்திலும் கிடைக்கும். தண்ணீர் வெளிப்புறம் வடியவேண்டும் என்று முன்பக்கம் மரத்துண்டு கொடுத்துத் தாங்கள் சன்னலில் ஏற்றியது இது. தங்கள் குறட்டை நின்றுபோன அறையில் இதன் கடகடப்பைக் கேட்டுத்தான் நான் உறங்குகிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மகள் சிறுமியாக இருந்தபோது, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு அவள் அழுத கோடை நினைவிருக்கிறதா? தாங்கள் ஏசியைக் கழுவி வைத்திருந்தீர்கள். "காஞ்சிடுச்சுங்க, போடுங்க" என்று நான் நச்சரித்தேன். "வெளிய காஞ்சா ஆச்சா? உள்ள மோட்டார்ல ஈரம் கீதுமே. நாளைக்கு சாய்ங்காலம்தான்."

மறுநாள் காலை தாங்கள் பாடியிலுள்ள தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் மின்பலகையருகே ஓடினேன். கட்டை இருந்த இடம் வெறும் குழி. மாலையில் வந்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். "இந்தா. இதுவும் என்கூட பாடில ஒரு ஷிப்ட் பாத்துட்டு வந்துகீது." ஏசி ஓடியது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தாங்கள் செய்தது சரி என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சரிதான்.

இன்று காலையில் மூன்று முறை என் கை பலகைக்குப் போனது. கட்டையைப் பாடிக்கு எடுத்துச் செல்ல ஆளில்லை. ஆகவே நானே அதை முடிந்துகொண்டு, திருமுல்லைவாயிலிலிருந்து இத்தனை தூரம் வந்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்குச் செருகுவேன். முதலில் காற்றாடி மட்டும். டிரிப்பர் விழாமல் அது ஓடினால் பிறகு குளிர். விழுந்தால் மறுபடி தூக்கமாட்டேன். "திரும்பத் திரும்பத் தூக்காதமே, அது வேணான்னு சொல்லுது" என்பீர்களே. ஆனால் விழுந்தபின் நான் என்ன செய்யவேண்டும் என்று தாங்கள் சொன்னதில்லை.

ஆறு மணிக்குள் பதில் எழுதவும்.