அவங்க போனில் பச்சைக் கோடு

ஆகஸ்ட் 4, திங்கள்
ஊட்டுக்காரங்க தவறிப் போனதுக்கப்புறம் காலையில் எழுந்ததும் அவங்க போனை எடுத்து, என்னோடு பேசினதில் ஒன்றைக் கேட்பேன். பிறகுதான் அடுப்பு. யாரிடம் பேசினாலும் தானாகப் பதிவாகிற போன். லாரிக்கு லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் பேச்சு மாறுவார்கள் என்று அந்தக் கம்பெனி போனாகவே வாங்குவாங்க. சங்ககிரி லாரி ஸ்டாண்டில் பாதிப் பேரை வாங்க வைத்ததும் அவங்கதான்.
இன்று அப்டேட் கேட்டது. "கம்பெனிக்காரன் சும்மா அனுப்ப மாட்டான்" என்று அவங்க உடனே அழுத்துவாங்க. நானும் அழுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 5
திரை நடுவில் பச்சைக் கோடு. மத்தியானத்துக்குள் முழுக்க இருட்டு. கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்குது.
ஏன் அழுத்தினேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்
சேலம் சர்வீஸ் சென்டர். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னது: "அப்டேட்ல நிறையப் பேருக்கு இப்படி ஆயிருச்சுங்க. இந்த மாடலுக்கு டிஸ்பிளே வர்றதில்லை. கம்பெனி புதுப் போனே சும்மா குடுக்குதுங்க!"
பழசு?
"அதை நாங்க எடுத்துக்குவோமுங்க."
உள்ளே இருக்கிற பேச்சு?
"அழிச்சுத்தானுங்க அனுப்புவோம். பதிவாகிற வசதியே இந்த அப்டேட்ல எடுத்துட்டாங்க. பழையது இருக்குமான்னே தெரியாதுங்க."
சனிக்கிழமைக்குள் சொல்லணுமாம்.

ஆகஸ்ட் 8
கொழுந்தன் காளிதாஸ் வந்தார். "அண்ணன் இருந்தா இன்னேரம் புதுசை வாங்கி ஸ்டாண்டு பூரா காட்டியிருப்பாரு அண்ணி."
நிசம்தான்.
அபிநயாவுக்குக் காலேஜுக்குப் போன் வேணும். "அப்பாவா அதுக்குள்ள இருக்காரு?" என்று கத்தினாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். பெத்த பிள்ளைக்குக் கிடைக்கிறதை நான் தடுக்கிறேனா?

ஆகஸ்ட் 9, சனி
சேலம் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்
அவங்களோடு லாரி ஓட்டின அர்த்தநாரி அண்ணன் ஊட்டுக்கு வந்தார். அதே மாடல் போன். கோடு இல்லை. அப்டேட் போடலையாங்ண்ணா என்றேன்.
"பூபதி போனப்புறம் எவன் சொல்லி நான் போடறது அம்மிணி? அவன்தான் என்ற கையிலிருந்து புடுங்கிப் போட்டு உடுவான்."
விவரம் கேட்டதும் தன் போனை நீட்டிவிட்டார். "இதோட டிஸ்பிளேயக் கழட்டி அதுல மாட்டச் சொல்லு. எனக்கு லோடு சொல்லப் பட்டன் போன் போதும். கம்பெனிக்காரனை நம்புனதெல்லாம் உன்ற ஊட்டுக்காரனோட போச்சு."
செல்போன் கடை யோகேஷ் இரண்டையும் பார்த்தான். "கழட்டறப்ப ரெண்டுமே போனாலும் போயிருமுங்க்கா."
கழட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அண்ணன்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 12
கடையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்கவும் பயம்.

ஆகஸ்ட் 13, புதன்
வெளிச்சம் வந்துவிட்டது. பேச்சும் இருக்கு. ஆனால் அந்த அப்டேட்டில் பேரெல்லாம் போய், எது யாரோடு பேசினது என்று தெரியாமல் கலந்து கிடக்கு. அபிநயா ஏதோ ஒன்றை அழுத்தினாள்.
அவங்க குரல். யாரோ புரோக்கரிடம். "ஊட்டுக்குப் போவோணும் சார். சங்ககிரிப் பக்கம் எதாவது லோடு பாருங்க சார். எந்த வாடகைனாலும் ஏத்திக்கறேன் சார்." கெஞ்சுறாங்க. அந்தப் பக்கம் அவன் முடியாது என்றுவிட்டான். அதற்கப்புறம் அவங்க பேசின கெட்ட வார்த்தை, அப்பப்பா.
என்னிடம் ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லை. "லோடு கெடைக்கல புள்ள, மெதுவா வாரேன்" என்று சிரிப்பாங்க.
அபிநயா முகம் சுருங்கி நிறுத்தப் போனாள்.
"இருக்கட்டும் சாமி," என்றேன். "அடுத்ததப் போடு."