அம்மாவின் ஸ்கேன் தள்ளிப்போன காரணம்

2025 நவம்பர் 13, வியாழன், மதியம் 2.20. திருப்பதி. இன்றைக்கு ஒன்பது பேர், எட்டுப் பேருக்கு ஸ்கேன் முடிந்தது. விட்டுப்போன ஆள் உன் அம்மா.

அன்புள்ள தரணிக்கு நைனா எழுதுவது. நான் நலம். அம்மா நலமா என்பதற்கு இன்று பதில் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை, மற்றபடி சாப்பிட்டுவிட்டு என் ரூமில் படுத்துத் தூங்குகிறாள். லூதியானா குளிரில் நீ சளி பிடிக்காமல் இருந்தால் போதும். ஸ்கேன் தள்ளிப்போச்சு என்று போனில் ஒரு வரி சொன்னால் நீ பத்துக் கதை கட்டிக்கொள்வாய், அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் முழுதாக எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

முதலில் விஷயம் தெரிந்துகொள். ஆறு கீமோ முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த பெட் சி.டி. ஸ்கேன் சுத்தமாக வந்தால் மருந்து நிற்கும், வராவிட்டால் வேறு மருந்து, மறுபடி முதலில் இருந்து. இதில் ஊசி வழியாகப் போவது லேசான கதிர்வீச்சு கலந்த ஒரு சர்க்கரை. கெட்ட செல் சர்க்கரையை அதிகமாகத் தின்னும், தின்ற இடம் படத்தில் எரியும். ஆனால் சர்க்கரையை அது மட்டும் தின்பதில்லை, வேலை செய்த தசையும் தின்னும். அதனால்தான் ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும், முந்தின நாள் நடை கூடாது, பளு தூக்கக் கூடாது, ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் மெல்லாமல் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும், படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி டாக்டரைக் கேட்காமல் தாங்களே எதையும் நிறுத்தக் கூடாது. அன்று முழுக்கக் கைக்குழந்தையையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஒட்டி உட்காரக் கூடாது. வலி எதுவும் இல்லை. இவ்வளவுதான், இதைத் தினமும் ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் தெலுங்கில் பாதி தமிழில் பாதி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போன வாரம் காளஹஸ்திக்காரர் ஒருவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார், சர்க்கரை ஏறியிருந்தது, துருவிக் கேட்டால் லட்டு. பிரசாதம் சாப்பாட்டுல சேருமா சார் என்கிறார்.

உன் அம்மாவுக்கும் இதையெல்லாம் இரண்டு தடவை சொல்லித்தான் செவ்வாய்க்கிழமை சித்தூரில் இருந்து கூட்டி வந்தேன். இன்று காலை மருந்து சென்னையில் இருந்து வந்து இறங்கியது, சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. எல்லோரையும் கேட்கும் கேள்வியை அவளையும் கேட்டேன், நேற்று எங்கேயாவது நடந்தாயா என்று. நடந்தேன் என்றாள். எவ்வளவு தூரம் என்றேன். ஸ்ரீவாரிமெட்டு வழியா மேல வரைக்கும் என்றாள், திருமலைப் படிக்கட்டு அத்தனையும். நான் டியூட்டியில் இருந்தபோது என் ரூமுக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா சென்னம்மாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, சாமி பார்த்து, பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள். அவளுக்கு நெறிக்கட்டு இருந்ததே தொடை இடுக்கில். கால் தசை முழுக்க எரிகிற படத்தில் அந்த இடத்தை எப்படிப் படிப்பது. டாக்டர் ஸ்ரீதேவி வந்து கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அவள் பங்கு மருந்து ஈயப் பெட்டிக்குள் இருந்தபடியே செத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிற சரக்கு அது. கூட வேலை செய்யும் சாய்குமார் வேறு, இன்னாண்ணா, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே, ஊட்ல கிளாஸ் இல்லியா என்று சிரித்தான்.

எனக்குக் கோபம். பக்தி முற்றிப்போய்ச் செய்தாள் என்றே நினைத்து நாலு வார்த்தை கத்தினேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்ல, தெரிஞ்சிதான் ஏறினேன், இருபத்திநாலு வரைக்கும் தரணிக்குப் பரீட்ச, இன்னிக்கு ரிசல்ட்டு வந்து ஏடாகூடமா இருந்தா அந்தப் பொண்ணு பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு ரயிலேறிக்கினு வந்துடும், ஒங்களுக்கு மூடி மறைக்கவும் வராது, வேற எப்பிடி தள்ளிப்போடச் சொல்றீங்க. என்னிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா உட்ருவீங்களா என்றாள்.

விட்டிருக்க மாட்டேன். அது உண்மை. ரிசல்ட் சரியில்லை என்றால் பரீட்சையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது அவளுக்கு மலை ஏறுகிற அளவுக்கு உறைத்திருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவள் இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், நான் சரி என்று சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமையே மெஷினில் இடம் இருந்தது. இந்த நோயில் இன்னும் ஒன்பது நாள் கூடினால் கெடுதலா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன், இல்லை என்றார், நான் 26ஆம் தேதி போட்டேன். ஆகவே இப்போது நீ வந்தாலும் இங்கே பார்ப்பதற்கு ரிசல்ட் என்று ஒன்றே கிடையாது. வராதே. அம்மாவுக்குக் கால் வலி மட்டும்தான், அதற்கு வெந்நீர் போதும்.

காலையில் வெறும் டீயோடு பரீட்சைக்குப் போகாதே, ரொட்டி பிடிக்காவிட்டாலும் இரண்டு தின்னு. அம்மாவிடம் பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு மாட்டிக்கொள்ளாதே. எழுதுவதை நன்றாக எழுது, உனக்கு எல்லாம் நல்லபடி அமையட்டும் என்று நானும் அவளும் ஆசீர்வாதம் செய்கிறோம். இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு அம்மாவைச் சித்தூரில் கொண்டுபோய் விடுவேன். 25 சாயங்காலம் நானே போய் அழைத்து வருவேன்.
2. 26 காலை முதல் ஆளாக அவளைப் படுக்க வைப்போம். ஊசியை சாய்குமார் போடுவான், நான் போட மாட்டேன்.
3. ஸ்கேன் ஓடும்போது நான் திரைக்கு முன்னால் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வெளியே, மற்றவர்கள் வீட்டு ஆட்களோடு பெஞ்சில் இருப்பேன்.
4. ரிப்போர்ட் உறையைப் பிரிக்காமல் ரூமுக்குக் கொண்டுவந்து உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பேன். அதன் பிறகுதான் பிரிப்பேன், மூன்று பேரும் ஒன்றாகக் கேட்போம்.

உன் நைனா,
தமிழ்ச்செல்வன்