வால்வுப் பட்டியலின் இரண்டாவது ஃபைல்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைக் கழித்துவிட்டால் நான் நலம், ரோஷத்தைக் கழித்துவிட்டால் உன் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள நீ எங்கே போனை எடுக்கிறாய். எடுத்தாலும் ஒரு காதில்தான் நான், இன்னொரு காதில் உன் ஆபீஸ் மீட்டிங். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் துண்டிக்க முடியாது பார். போன வாரம் நான் கூப்பிட்டபோது அப்பாவின் பழைய ஆபீசில் வால்வுப் பட்டியல் ஃபைல் திறக்கவில்லையாம், அதற்கு ஜோடி ஃபைல் ஒன்று உண்டே, அது பக்கத்தில் இல்லாமல்தான் திறக்கவில்லையோ என்று கேட்க ஆரம்பித்தேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, இதெல்லாம் உனக்குப் புரியாது, போனை அப்பாகிட்ட குடு" என்றாய். கொடுத்தேன். அவர் உன்னிடம் ஏழு தடவை "ஆமாம்மா" போட்டுவிட்டு, போனை வைத்ததும் "அவ என்ன சொன்னா?" என்று என்னையே கேட்டார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பிரசவ ஆஸ்பத்திரித் தெருவில் பெரிய குழாய் வெடித்துவிட்டது. அதைச் சரி செய்ய வேண்டுமானால் முதலில் அந்தத் தெருவின் வால்வை மூட வேண்டும். வால்வோ தார் ரோட்டுக்கு அடியில், மேலே இரண்டு முறை ரோடு போட்டாகிவிட்டது, மூடி எங்கே இருக்கிறதென்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது. தண்ணீர் ஆபீசின் புது அதிகாரி கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறக்கச் சொல்ல, அது திறக்க மாட்டேன் என்றிருக்கிறது. உடனே ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார்கள். அவர் பெயர் எனக்கு வேண்டாம், நான் ஷூக்காரர் என்றுதான் சொல்வேன், பேசும்போதெல்லாம் குனிந்து தன் ஷூவின் பளபளப்பைத்தான் பார்க்கிறார். இவர் முதல் நாள் ஃபைலின் பெயரை மாற்றிப் பார்த்தார். இரண்டாம் நாள் பழைய மென்பொருளை எங்கிருந்தோ பிடித்துவந்து ஏற்றினார். மூன்றாம் நாள் ரிப்பேர் என்று ஒரு பட்டனை அழுத்தினார், அதுவும் நகல் எடுக்காமல், இருந்த ஒரே பிரதியின் மேல். இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டுமா, நம் வீட்டுப் பூனையை கீபோர்டில் விட்டிருந்தாலே இதைச் செய்திருக்கும். ரிப்பேர் முடிந்து பட்டியல் திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வால்வு, எண் இருக்கிறது, தெரு இருக்கிறது, குழாயின் அகலம் இருக்கிறது. எங்கே தோண்ட வேண்டும் என்ற குறிப்புக் கட்டம் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு வரியிலும் காலி.

அப்புறம் என்ன, ஓய்வு பெற்ற வால்வு மேஸ்திரியான உன் அப்பா தலையில் பழியைத் தூக்கி வைத்தாயிற்று. ஓய்வு பெற்றுப் போகும்போது வேண்டுமென்றே எதையோ அழித்துவிட்டுப் போனார் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இவர் அதைப் படித்துவிட்டு வீரமாக ஆபீசுக்குப் போனார், எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று தெருவில் நின்று கையை நீட்டினார், காட்டிய இடத்தில் தோண்டினார்கள். இல்லை. இன்னொரு இடம் காட்டினார். அங்கேயும் இல்லை. நாலு குழி ஆனது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள் குளிக்கத் தண்ணீர் இல்லை, தலைமை நர்ஸ் வாளியோடு லாரிக்கு வரிசையில் நிற்கிறாள், அவள் உன் அப்பாவைப் பார்த்து "இன்னும் எத்தனை குழி சார் பாக்கி?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் வெயிலில் அலைந்த மனிதரை ஊர் பொய்யன் என்று சொல்ல நான் விடுவேனா. பொய்யன் என்று சொல்லும் உரிமை வீட்டில் எனக்கு மட்டும்தான்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நீ கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பட்டியலுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தாய், மூன்று நாள் வேலை, அதற்கு உனக்கு ஒரு கைக்கடிகாரம். அந்தக் கட்டங்களை நிரப்பியது நான், மூன்று வருடம், எனக்கு ஒரு காப்பிகூட யாரும் போட்டுத் தரவில்லை. மூடி எங்கிருந்து எத்தனை அடி என்று அளவு எழுத நீ போட்ட கட்டத்தில் பத்து எழுத்துக்கு மேல் விழாது, மகாராணி அப்படி வடிவமைத்திருந்தாய். அதனால் அளவை எல்லாம் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். அந்த மென்பொருளில் நீளமான குறிப்புகள் பட்டியலோடு இருக்காது, அதே பெயரில், புள்ளிக்குப் பின்னால் வரும் வால் மட்டும் வேறாக, இன்னொரு ஃபைலில் போய் உட்காரும். இரண்டும் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரோடு இருந்தால்தான் ஒழுங்காகத் திறக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான், மறந்தும் போனாய். உன் அப்பாவிடம் ஓய்வு பெறும்போது இரண்டு ஃபைலையும் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்தேன் கொடுத்தேன் என்று சுவரைப் பார்த்தே சொன்னார். சுவரிடம் சொல்கிற பதிலை நான் நம்புவதில்லை.

மறுநாள் மத்தியானம் அலமாரி மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்து ஓட விட்டேன். பட்டியல் இருந்தது, ஜோடி இல்லை. தானாக எங்கேயும் நடந்து போகிற பொருளா அது? இவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன். முதலில் வைரஸ் என்றார். அப்புறம் கரண்ட் என்றார். கடைசியில் "அதுல நீ எழுதி வச்சிருந்தியே, அதை ஆபீஸ்ல யாராவது படிச்சா என் மானம் என்னத்துக்கு ஆகும்?" என்றார். விஷயம் அதுதான். பதிவேட்டுக்காக ஆபீசில் கேடயம் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒருநாள் முதன்முதலாக அதைத் திறந்து படித்திருக்கிறார், வியர்த்துவிட்டது, பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுக் குறிப்பை அழித்துவிட்டார். அளவெல்லாம் பட்டியலிலும் தனியாக இருக்கும் என்று நினைத்தாராம், அதில் மட்டும்தான் என்று தெரியாதாம். தான் வாங்கிய கேடயத்துக்குள் என்ன இருந்தது என்றே தெரியாமல் வாரம் தவறாமல் அதைத் துடைத்து வைக்கிற மனிதர்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? பட்டியலில் ஏற்றச் சொல்லி இவர் கொண்டுவந்த நோட்டில் பாதி அளவு டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது. சந்தேகம் வந்து, காய் வாங்கப் போகும்போது தையல் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு நானே தெருத்தெருவாக அளந்தேன். ஐந்தடி டேப். அப்போது மூடியெல்லாம் ரோட்டின் மேலேயே தெரியும். ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குனிய வேண்டும், பார்த்தால் காசு விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடுப்பையும் அளவோடு சேர்த்து எழுதி வைத்தேன், யார் படிக்கப் போகிறார்கள் என்று.

இவர் அழித்தது கம்ப்யூட்டரில் இருந்ததை. ஒவ்வொரு மாதமும் நான் இரண்டு ஃபைலையும் சிடியில் எடுத்து வைத்ததை எங்கே கண்டார், அது தையல் மெஷின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்கு அடியில் இருந்தது. இந்த வீட்டில் உன் அப்பா கை வைக்காத ஒரே இழுப்பறை. சிடியை எடுத்துக்கொண்டு, நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி நான் போகிறேன் என்றேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆபீசில் அந்த ஷூக்காரர் என்னைப் பார்த்து "இது ரொம்பப் பழைய ஃபார்மேட் மேடம், உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றார். நீ சொன்ன அதே வார்த்தை, இவர் மேடம் என்ற மரியாதையாவது கொடுத்தார். சிடியைப் பிடுங்கிப் போட்டு அதிலிருந்தே திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை, இதுவும் கெட்டுப்போயிடுச்சு என்று அறிவித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சிடியில் எழுத முடியாது, அந்த மென்பொருளுக்கு எழுத இடம் வேண்டும், அதனால் இரண்டு ஃபைலையும் முதலில் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்தேன். சிடியிலிருந்து வந்தால் படிக்க மட்டும் என்ற குறி கூடவே ஒட்டிக்கொண்டு வரும், அதை எடுத்துவிட்டேன். அவர் ரிப்பேர் செய்து கெடுத்ததன் பக்கமே போகாமல் புது ஃபோல்டரில் ஜோடியாக வைத்து, அவரே ஏற்றி வைத்திருந்த பழைய மென்பொருளில் திறந்தேன். திறந்தது. ஷூக்காரர் ஷூவைப் பார்க்க மறந்துவிட்டார்.

அதிகாரி ஆஸ்பத்திரித் தெரு வரியைக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன், எழுத்துக் கூட்டித்தான் படித்தார், அதனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது. "மருந்துக்கடைச் சுவர் மூலையிலிருந்து டேப் இரண்டு முறை, அப்புறம் ஓர் அடி. வலது பக்கம். இவர் இடது என்கிறார். இவருக்கு எல்லாத் தெருவிலும் இடதுதான். நம்பித் தோண்ட வேண்டாம்." தோண்டிய நாலு குழியும் இடது பக்கம். குழாய் ரிப்பேர் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். உன் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், காது மட்டும் சிவந்து போயிருந்தது. பதினோராவது அடியில் வலது பக்கம் தோண்ட அரை மணி நேரத்தில் கடப்பாரை மூடியில் இடித்தது. வால்வை மூடி, வெடித்த குழாயைச் சரி செய்து, மாலைக்குள் ஆஸ்பத்திரியில் குழாயைத் திறந்தால் தண்ணீர்.

அதோடு முடியவில்லை. ஆபீசுக்குத் திரும்பியதும் அதிகாரி உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க ரெக்கார்டு பிரமாதம் சார்" என்றார். அன்றைக்கே அந்தக் குறிப்பைத் தன் வாயால் படித்தவர்! இந்த மாதிரி மூளைக்கெல்லாம் என்ன ரிப்பேர் பட்டன் இருக்கிறது சொல். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போதுதான் உன் அப்பா, "என் ரெக்கார்டு இல்லீங்க. அளந்தது இவ, எழுதினதும் இவதான். அழிச்சதுதான் நான்" என்றார். சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியலின் முதல் பக்கத்தில் தயாரித்தவர் என்ற கட்டத்திலிருந்த தன் பெயரை அழித்து, ஒற்றை விரலால் என் பெயரை அடித்தார். முப்பத்தெட்டு வருடம் கூப்பிட்ட பெயருக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறார், ஒரு எழுத்தைக் காணவில்லை என்று என்னிடமே கேட்கிறார். கழுதை, இதைக்கூட அடிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அந்த எழுத்தின் மேல் அவர் விரலை நானே பிடித்துக்கொண்டுபோய் வைத்தேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன.

குட்டிக்கு இருமல் நின்றதா? குளிரில் காதை மூடி அனுப்பு. அதன் போட்டோவையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைக்காதே, இரண்டு நகல் எடு, ஒன்றை மாப்பிள்ளை கை வைக்காத இழுப்பறையில் வை. அடுத்த தடவை நான் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் போனை யாரிடமும் கொடுக்கச் சொல்லாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். மகளுக்கு நீங்களும் இரண்டு வரி எழுதுங்களேன் என்று இப்போது அப்பாவிடம் பேனாவை நீட்டினேன். "எனக்கும் சேத்து நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
வால்வுப் பதிவேட்டைத் தயாரித்தவரான
உன் அம்மா