நடுக்கம் கூடினால் நல்லதாம்

என் உயிர் அத்தாவுக்கு,

பேகம்பூரில் மழை. தோல் மண்டியை இப்போது நான்தான் பார்க்கிறேன். நாற்றம் வீடு வரை வருகிறது. தொண்ணூறுகளில் அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியாமல் போனபோது, "தோல் யாவாரிக்கு இதைவிட பரக்கத்து வேணுமா?" என்று சிரித்தீர்கள். மூக்கு மரத்ததும் அப்போதே உங்களுக்கிருந்த தீராத மலச்சிக்கலும், பின்னால் வந்த பார்க்கின்சன் நடுக்கத்துக்கு முன்னறிவிப்பு என்று யாருக்குத் தெரியும்?

வயிற்றைப் பற்றி முதலில் கேட்டவர் உங்கள் சிநேகிதர் அருளப்பன் சார்தான். பள்ளிக்கூட வேலை போக, மாலையில் ஹோமியோபதி பார்த்தவர். "பாய், உங்க நோய் தலையில இல்ல, வயித்துல ஆரம்பிச்சது" என்றார். அப்படியும் இருக்கலாம், குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்று மதுரை நரம்பு டாக்டரும் சொன்னார். அதனால் சாரை நானும் நம்பினேன். அவர் சொன்னபடி உங்கள் காபியை நிறுத்தினேன், சீனி உருண்டைகளை நாக்கில் வைத்தேன். மதுரை மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுத்தேன்.

நடுக்கம் கூடியது. நான் பதறினேன், நீங்கள் பூரித்தீர்கள். "கூடுதுல்ல? அப்ப மருந்து வேலை செய்யுதும்மா. கூடித்தான் குறையும்னு சார் சொல்லிருக்காரு."

தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனபோது மதுரைக்குத் தூக்கிப்போனோம். "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?" என்று டாக்டர் கேட்டார். நிறுத்தவே இல்லை என்றேன். "ஒரு மாத்திரை குடுக்க ஒனக்கு ஏலலையா?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினான். நீங்கள் கண் திறந்துதான் இருந்தீர்கள். பேச முடியவில்லையா, மனமில்லையா?

நீங்கள் இறந்த நாற்பதாம் நாள் ஓதிய பாத்திஹாவுக்கு வந்த சார் அழுதார். "அந்த மாத்திரை வயித்தக் கட்டுது, விட்டுருங்கன்னு நாந்தாம்மா சொன்னேன். ஒனக்குத் தெரிய வேணாம்னு பாய் சொல்லிட்டாரு."

என் கையால் வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி, நான் நகர்ந்ததும் கொல்லையில் துப்பியிருக்கிறீர்கள். சார் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் என்னை ஏமாற்றலாமா அத்தா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதானே?

உங்கள் மானம் போகக் கூடாதென்று இவ்வளவு காலம் பழியை நானே சுமந்தேன். அண்ணன் இன்றும் என் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. பெருநாளுக்கு வருகிறான். நடந்ததைச் சொல்லப்போகிறேன். உங்கள் மேல் கோபப்படுவான், படட்டும். உங்களுக்காகக் கேட்கும் துஆவை ஒரு வக்துத் தொழுகையில்கூட விடமாட்டேன். ஆனால் உங்களை இனி மறைக்கவும் மாட்டேன்.

நீங்கள் நம்பாமல் போன மகள்,
ஜைத்தூன்