கடைசிப் பெயர் ஓடும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முட்டிவலிக்குத் தைலம் ஒழுங்காகத் தடவுகிறீர்களா?

பழி தீர்த்துவிட்டேன் அப்பா! நம் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதியை உங்களோடு போனில் சேர்ந்து பார்க்கலாம் என்று காத்திருந்தேனே, அன்று காலை வெங்காயம் உரித்துக்கொண்டே முடிவைப் போட்டு உடைத்தாளே என் அறைத்தோழி, லேபில் வேலை பார்க்கிறவள், அவளைத்தான்.

தொடரின் தொடர்ச்சியாக வந்திருக்கும் படத்துக்கு ஞாயிறு பகல் இருவரும் போனோம். நீங்கள் முதல் நாளே பார்த்துவிட்டதாக அம்மா சொன்னாள். நம் கதாநாயகன், அந்தக் கொம்பு ஒடிந்த ஆடு, பள்ளத்தில் விழுந்ததும் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. அவள் தேம்பிக்கொண்டே எழுந்து, "வாடி, முடிஞ்சுபோச்சு" என்றாள்.

"நீ போ, செருப்பத் தேடிட்டு வரேன்" என்றேன்.

கடைசிப் பெயர் ஓடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று நீங்கள் பழக்கியது வீண்போகுமா? பெயர்கள் ஓடி முடிந்ததும் திரையில் ஆடு உடம்பைச் சிலுப்பிக்கொண்டு மேலே ஏறி வந்தது! "பாத்தீங்களாப்பா!" என்று கத்தியே விட்டேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

நான்கு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆடு பிழைத்ததைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. வயிறாரச் சாப்பிடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. வீடியோவில் பேசும்போது அவள் எட்டிப்பார்த்தால் ஆட்டைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, டியூட்டி முடிந்து வருகிறாள். நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே எனக்கு அது சிரமமே இல்லை அப்பா.

உங்கள் மகள்